ஓர் அமுக்கலுக்கு எட்டுக் கிண்ணம் காயம்

எழுத வந்ததற்கு முதலில் மன்னிக்க வேண்டும். நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். அதற்குப் பிறகு தமிழில் எழுதியதெல்லாம் மளிகைச் சீட்டும் ஊருக்குப் போட்ட சில கடிதங்களும்தான். நம் தமிழ்ச் சங்க மலருக்கு வேலை அனுபவத்தை எழுதித் தரும்படி செயலாளர் மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் சிரித்துச் சமாளித்துவிட்டேன். பிறகு, நான் வேலை பார்த்த மசாலாக் கம்பெனியில் இப்போது இருக்கும் பெண்கள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். "செண்பகம் சேச்சி, மிக்சர் மெஷின்ல இப்பப் பட்டனே கிடையாது. எல்லாம் தானா நடக்குது. அந்தக் காலத்துல நீங்க எதைத்தான் அமுக்கிட்டு இருந்தீங்க?" என்று கேட்டார்கள். அந்தக் காலம் என்று அவர்கள் சொன்னது ஆறு வருடத்துக்கு முன்னால். அந்த ரோஷத்தில்தான் எழுதுகிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எங்கள் கம்பெனியில் பேசியதெல்லாம் முக்கால்வாசி மலையாளம். மலருக்காக முடிந்தவரை தமிழாக்கியிருக்கிறேன். தப்பித்து நின்ற மலையாளத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். சேச்சி என்றால் அக்கா; சேட்டன், இக்கா இரண்டும் அண்ணன்.

கல்யாணமாகி சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கொச்சி மட்டாஞ்சேரிக்கு வந்த மறு வருடம், மிளகாய் வற்றல் காம்பு கிள்ளுகிற வேலைக்குப் போனேன். நாலு வருடம் காம்பு கிள்ளினேன். இரண்டு வருடம் சலித்தேன். அப்புறம் மிக்சிங்குக்கு மாற்றினார்கள். அதற்கு என்னிடம் இருந்த ஒரே தகுதி, வற்றல் தூளுக்கு நடுவில் நின்றாலும் நான் தும்மவில்லை என்பது. அந்த மூக்கே கடைசியில் கைவிட்டு, தூசி ஒத்துக்கொள்ளாமல் இருமல் வந்து, ஐம்பத்திரண்டு வயதில் நானாக எழுதிக் கொடுத்து நின்றேன். மொத்தம் இருபத்தாறு வருடம். அதில் சொல்லத் தகுந்தது ஒரு மாதம்தான்.

மிக்சிங்கில் நாங்கள் மூன்று பேர். மூட்டை சுமந்து தொட்டியில் கொட்டுகிறவர் ஹம்சா இக்கா. எடை பார்த்து, ஏட்டில் எழுதுகிறவள் நான். நாங்களும் முறை வைத்து மிக்சர் ஓட்டுவோம். எங்கள் இருவருக்கும் மேலே சேவியர் சேட்டன். அவருக்கு அப்போது அறுபதை நெருங்கும் வயது. முப்பது வருடமாக அந்த மிக்சரை ஓட்டியவர். சத்தம் போட்டுத் திட்டவே மாட்டார். கோபம் ஏற ஏற அவர் குரல் இறங்கும். நன்றாகத் திட்டு வாங்க வேண்டுமென்றால் நாங்கள்தான் பக்கத்தில் போய்க் காதைக் கொடுக்க வேண்டும்.

மிக்சரை ஓட்ட அவர் ஒரு முறை வைத்திருந்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக விடுவார். வலது உள்ளங்கையை இடுப்பு முண்டில் துடைப்பார். பச்சைப் பட்டனில் கட்டைவிரலை வைத்து அமுக்கி, கண்ணை மூடி, மாதா ஜெபத்தில் பாதியை மனசுக்குள் சொல்வார். பாதி முடிகிற இடத்தில் விரலை எடுப்பார். பார்க்கிறவர்கள் பக்தி என்று நினைப்பார்கள். பக்திதான். ஆனால் அதில் வேலையும் இருந்தது. அந்தப் பழைய பட்டனைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்தால் மோட்டார் ஒரு தடவை உறுமிவிட்டுப் படுத்துவிடும். சத்தம் ஏறி ஒரு நிலைக்கு வரும்வரை அமுக்கிப் பிடிக்க வேண்டும். அதற்குப் பாதி ஜெபம் தாராளமாகப் போதும்.

"மெஷின் சரின்னு சொல்லணும். அதுக்கு முந்தி கையெடுக்கக் கூடாது" என்பது அவர் எனக்குச் சொன்ன முதல் பாடம். கடைசிப் பாடமும் அதுதான்.

எனக்கு ஜெபம் தெரியாது. "உனக்குத் தெரிஞ்சதைச் சொல்லு, நேரம் சரியா வந்தா மதி" என்றார். மதி என்றால் போதும். நான் "முருகா" என்று மூன்று தடவை, இழுத்துச் சொல்வேன். ஹம்சா இக்கா பிஸ்மி சொல்வார். அவருடையது சீக்கிரம் முடிந்துவிடும், மோட்டார் பாதி நாள் படுத்துவிடும், மறுபடி சொல்வார். இப்படி மூன்று சாமியும் சேர்ந்து அந்த மிக்சரைப் பதினைந்து வருடத்துக்கு மேல் ஓட்டினார்கள். ஒரு குறையும் வரவில்லை.

பிறகு பெரிய முதலாளி ஒதுங்கி, அவர் மகன் வந்தார். நாங்கள் சின்ன முதலாளி என்போம். அவர் பழைய மிக்சரைக் கழற்றிவிட்டுப் புதியது வாங்கினார். பச்சைப் பட்டன் போய், கண்ணாடி ஸ்கிரீன் வந்தது. தொட வேண்டிய பட்டன்கள் அதில் படமாக இருந்தன. அந்த ஸ்கிரீனுக்குப் புரோகிராம் செய்தவர் இடப்பள்ளியில் ஒரு சின்ன ஆபீசிலிருந்து வந்த ரெஷ்மா மேடம். முப்பது வயது இருக்கும். வேகமான ஆள். அவர் ஸ்கிரீனைத் தொடுவது கன்னத்தில் உட்கார்ந்த கொசுவை அடிப்பதுபோல இருக்கும். டக்கென்று தொட்டு, டக்கென்று எடுத்துவிடுவார்.

சாம்பார் பொடிதான் எங்கள் பெரிய சரக்கு. மல்லி, வற்றல், பருப்பு, வெந்தயம் எல்லாம் தொட்டியில் விழுந்து கலந்த பிறகு, கடைசியாகப் பெருங்காயப் பொடி. அதற்கு மட்டும் தனி டப்பா, தனி பட்டன், மஞ்சள் நிறத்தில். ஒரு தடவை அமுக்கினால் டப்பாவுக்குள் ஒரு கிண்ணம் திரும்பி, ஒரு கிண்ணம் காயத்தைத் தொட்டிக்குள் தள்ளும். ஒரு கலவைக்கு ஒரு கிண்ணம். தூசி பறக்காமல் இருக்க எல்லாம் மூடியிருக்கும். தூசி உறிஞ்சும் ஃபேன் இரைச்சலில் உள்ளே விழுவது கேட்கவும் செய்யாது.

முதல் வாரம் நல்ல பெயர். நான் போட்ட கலவைகளில் மணம் கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது என்று கடைக்காரர்கள் பாராட்டியதாகச் சின்ன முதலாளியே சொன்னார். வெளியே காட்டிக்கொள்ளவில்லை. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

இரண்டாவது வாரம் எர்ணாகுளத்தில் ஒரு ஓட்டல்காரர் மூட்டைகளைத் திருப்பி அனுப்பினார். சாம்பார் ஊற்றினால் ஆட்கள், யாருக்கு வயிற்று வலி, மருந்து காய்ச்சுகிறீர்களா என்று கேட்கிறார்களாம். அன்று ஹம்சா இக்கா அந்த மூட்டையில் ஒன்றைப் பிரித்தபோது கொஞ்சம் வாசலில் சிந்தியது. எங்கள் தெரு ஆடுகளைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வற்றல், சுக்கு, சாக்கு, தேர்தல் போஸ்டர் எதையும் விடாதவை. அதில் ஒரு பெரிய கிடா வந்து முகர்ந்து பார்த்துவிட்டு, எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, எதிர்ப்பக்கம் போய்விட்டது.

"ஆடு வேண்டான்னு சொன்னதை நான் இந்த வயசுல இப்பத்தான் காணுறேன்" என்றார் ஹம்சா இக்கா.

சின்ன முதலாளி ஸ்கிரீனில் பதிவைத் திறந்தார். எந்தக் கலவையை யார் போட்டது, காயம் எத்தனை முறை விழுந்தது என்று அது தானாக எழுதி வைத்திருந்தது. நான் போட்டதில் மூன்று. ஹம்சா இக்கா போட்டதில் இரண்டு. சேவியர் சேட்டன் போட்டதில் எட்டு. எல்லாக் கலவையிலும் எட்டு. அந்த எட்டுக்கு முன்னால் எங்கள் மூன்றையும் இரண்டையும் யாரும் கேட்கவில்லை, பயத்தில் நானும் வாயைத் திறக்கவில்லை.

"சேட்டன் எதுக்கு எட்டுத் தடவை அமுக்குறீங்க?"

"ஒரு தடவைதான் அமுக்கி."

"கம்ப்யூட்டர் எட்டுன்னு எழுதியிருக்கே."

"கர்த்தாவாணே, சத்தியமா ஒரு தடவை."

ரெஷ்மா மேடத்தை வரவழைத்தார்கள். அவர் டக்கென்று தொட்டார். ஒன்று. மறுபடி தொட்டார். ஒன்று. முப்பது தடவை தொட்டார். முப்பதும் ஒன்று ஒன்றாகவே விழுந்தது. "மெஷின்ல கம்ப்ளைன்ட் ஒண்ணும் இல்ல சார். சேட்டனுக்குக் கை நடுங்குதோ என்னவோ. விரல் நடுங்கினா விட்டு விட்டுப் படும்" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அந்த வார்த்தை அங்கேயே நின்றுவிட்டது.

சேவியர் சேட்டன் வெளியே போனார். ஒரு கண்ணாடி கிளாஸில் கட்டன் சாயாவை விளிம்பு வரைக்கும் நிரப்பி எடுத்து வந்தார். வாசலிலிருந்து மிக்சரைச் சுற்றி, மூட்டைகளுக்கு நடுவில் நடந்து, சின்ன முதலாளியின் மேசை வரைக்கும் வந்து வைத்தார். ஒரு சொட்டு சிந்தவில்லை.

"சாயா பதிவுல வராது, சேட்டா" என்றார் சின்ன முதலாளி. சாயாவைக் குடித்தும் விட்டார். "திங்கட்கிழமை முதல் கேட்டில் உட்காருங்க. வண்டி நம்பர் எழுதினா மதி. சம்பளம் அதே சம்பளம்."

சேட்டன் மிக மெதுவாக என்னமோ சொன்னார். ஒருவருக்கும் கேட்கவில்லை. அந்த அளவுக்குக் கோபம்.

அது புதன்கிழமை. வியாழக்கிழமை அவர் வழக்கம்போல வந்து, செருப்பைக் கழற்றி, கையைத் துடைத்தார். நான் பக்கத்தில் தொட்டியின் மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றேன். அவர் மஞ்சள் பட்டனில் கட்டைவிரலை வைத்துக் கண்ணை மூடினார். என் உள்ளங்கையில் ஒரு சின்ன அதிர்வு. அவர் உதடு அசைந்துகொண்டிருந்தது. இன்னொரு அதிர்வு. பிறகு இன்னொன்று. விரல் எடுக்கப்படவே இல்லை. கல்லில் பதித்த மாதிரி இருந்தது. எட்டாவது அதிர்வுக்கு அவர் பாதி ஜெபத்தை முடித்துக் கண்ணைத் திறந்தார்.

அடுத்த கலவை என்னுடையது. ஒரு முருகாவுக்கு ஒரு அதிர்வு. மொத்தம் மூன்று. எனக்குக் கிடைத்த பாராட்டு எதற்கென்றும் அந்த நேரத்தில்தான் தெரிந்தது.

ஹம்சா இக்காவிடம் சொன்னேன். "இக்கா, நீங்க போய் முதலாளிகிட்ட சொல்லுங்க."

"நீ கண்டது. நீ சொல்லு."

"எனக்குப் பேச வராது இக்கா."

"என்கிட்ட இப்ப எதுல பேசுற? கடிதத்துலயா?"

வியாழன் முழுக்க ஒரே வாக்கியத்தை மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். இருபது வருடத்துக்கு மேலாக முதலாளிமாரிடம் நான் பேசியது 'சரி', 'ஆமா', 'நாளைக்கு லீவு' என்ற மூன்றுதான். வெள்ளிக்கிழமை மத்தியானம் ரெஷ்மா மேடம் கடைசிக் கையெழுத்து வாங்க வந்தார். வேலை முடிந்துவிட்டது என்று சின்ன முதலாளி கையெழுத்துப் போட்டுவிட்டால் அவர் திரும்ப வரப்போவதில்லை. சேட்டன் திங்கட்கிழமை கேட்டுக்குப் போய்விடுவார். பேனாவைத் திறந்தாயிற்று. நான் தயாரித்து வைத்திருந்த வாக்கியம் மறந்துவிட்டது. வாயில் வந்தது வேறு.

"மேடம், சாமி கும்பிட்டுட்டு அமுக்கிப் பாருங்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். தரையில் ஒரு பள்ளம் இருந்திருந்தால் இறங்கியிருப்பேன்.

"நான் கோயிலுக்கெல்லாம் போறதில்ல, சேச்சி" என்றார் மேடம்.

"பரவாயில்ல மேடம். விரலை எடுக்காம எட்டு வரைக்கும் எண்ணுங்க. அது போதும்."

அவர் தோளைக் குலுக்கிவிட்டு, மஞ்சள் பட்டனில் விரலை வைத்து, ஒன்று, இரண்டு என்று எண்ணினார். எட்டில் எடுத்தார். பதிவைத் திறந்தார். அவர் பெயருக்கு நேரே எட்டு என்று இருந்தது.

மேடத்தின் காது இரண்டும் சிவந்தன. சின்ன முதலாளி பேனாவை மூடினார்.

மேடம் தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தார். நான் புரோகிராம் என்றால் எழுத்தாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அது கோலம் மாதிரி இருந்தது. சின்னச் சின்னப் பெட்டிகள். பெட்டிக்குப் பெட்டி வண்ணக் கம்பிகள். எல்லாவற்றையும் சுற்றி ஒரு பெரிய சட்டம்.

"இது பட்டன். இது காயம் போடுறது. நடுவுல இந்தக் கம்பி. இந்தச் சட்டத்துக்குள்ள இருக்கிறது எல்லாம் நிக்காம சுத்திச் சுத்தி ஓடிட்டே இருக்கும், சேச்சி. ஒவ்வொரு சுத்துலயும், பட்டன் அமுங்கியிருக்கான்னு பார்க்கும். அமுங்கியிருந்தா ஒரு கிண்ணம் போடும். போட்டு முடிக்க ஒரு செகண்ட். உடனே அடுத்த சுத்து. மறுபடியும் பார்க்கும்."

"பந்தியில பாயசம் ஊத்துற ஆள் மாதிரியா மேடம்? நாம கையைக் குறுக்க நீட்டாத வரைக்கும், வரும்போதெல்லாம் ஊத்திட்டுப் போவாரே."

மேடம் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். "அதே. நான் எப்பவும் தொட்டு எடுத்ததனால ஒரு சுத்துதான் கண்டுச்சு."

உடனே ஒரு மாற்றம் செய்தார். பட்டனை அமுக்கும்போது எதுவும் நடக்காது. விரலை எடுக்கும்போது மட்டும் ஒரு கிண்ணம் விழும். எவ்வளவு நேரம் பிடித்தாலும் விடுவது ஒரு தடவைதானே. எங்களுக்குச் சரியென்று பட்டது. விழுவது கேட்கட்டும் என்று ஃபேனை நிறுத்திவிட்டுச் சேட்டனைக் கூப்பிட்டார்கள்.

சேட்டன் செருப்பைக் கழற்றினார். கையைத் துடைத்தார். கட்டைவிரலை வைத்துக் கண்ணை மூடினார். பாதி ஜெபம் முடிந்திருக்கும். உள்ளே சத்தம் ஒன்றும் இல்லை. மெஷின் சரி சொல்லாமல் அவர் கையெடுக்க மாட்டாரே. மீதிப் பாதியையும் சொன்னார். பிறகு முதலிலிருந்து தொடங்கினார். சேட்டன் விடட்டும் என்று மெஷின் காத்திருந்தது. மெஷின் போடட்டும் என்று சேட்டன் காத்திருந்தார்.

"சேட்டா, விடுங்க" என்றார் மேடம்.

அவர் கண்ணைத் திறக்காமல் இன்னொரு கையால் பொறு என்று காட்டினார். ஜெபத்தின் நடுவில் ஒருவரை எப்படி நிறுத்துவது? சின்ன முதலாளி வாட்சைப் பார்த்தார். ஹம்சா இக்கா ஒரு மூட்டையில் உட்கார்ந்துவிட்டார். மூன்றாவது ஜெபம் முடிந்ததும் சேட்டன் கண்ணைத் திறந்து, "இது கேடாயி, கெட்டுப் போச்சு" என்று விரலை எடுத்தார். உள்ளே டொப்பென்று ஒரு கிண்ணம் விழுந்தது. தொடாமலே விழுந்த சத்தத்தில் அவர் திடுக்கிட்டு, அதை நிறுத்துவதற்காக மறுபடியும் அமுக்கினார்.

"சேட்டா, இப்ப விட்டா இன்னொண்ணு விழும்!" என்று மேடம் கத்தினார்.

"அப்போ நான் விடணுமோ வேண்டாவோ?"

அவர் பட்டனைப் பிடித்தபடியே நின்றார். கடைசியில் மேடம் மெயின் சுவிட்சை அணைத்துத்தான் அவர் கையை விடுவிக்க வேண்டியிருந்தது.

மேடம் திரும்பச் சாக்கில் உட்கார்ந்தார். கன்னத்தில் கையை வைத்து அந்தக் கோலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். "சேச்சி, அந்தப் பாயசக்காரர் என்ன செஞ்சா நல்லது?"

"ஊத்தின இலையை ஞாபகம் வச்சுக்கணும் மேடம். போன சுத்துலயே ஊத்தியாச்சுன்னா தாண்டிப் போயிடணும்."

அவர் பெரிய சட்டத்தின் ஓரத்தில் இடப்பக்கம் ஒரு சின்னப் பெட்டியும், வலப்பக்கம் ஒன்றும் வைத்தார். இந்தச் சுற்றில் பட்டன் எப்படி இருந்தது என்பது வலப்பக்கப் பெட்டிக்குப் போகும். அது அடுத்த சுற்று தொடங்கும்போது இடப்பக்கத்திலிருந்து வெளியே வரும். போன சுற்றில் அமுங்கவில்லை, இந்தச் சுற்றில் அமுங்கியிருக்கிறது என்றால் மட்டும் ஒரு கிண்ணம். போன சுற்றிலும் அமுங்கியிருந்தால் சும்மா தாண்டிப் போகும். கையை எடுத்துவிட்டு மறுபடி அமுக்கினால்தான் அடுத்த கிண்ணம். இதை அவர் எனக்குச் சொல்லிக்கொண்டே வரைந்தார். வரைந்து முடிக்கச் சாயா ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை.

சேட்டன் வர மறுத்தார். ஹம்சா இக்காதான் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். செருப்பு, முண்டு, கட்டைவிரல். விரல் பட்டதும் உள்ளே டொப்பென்று ஒரு சத்தம். சேட்டனின் முகம் இளகியது. ஆனாலும் கையெடுக்காமல் பாதி ஜெபத்தை முழுசாகச் சொல்லி முடித்தார். நான் தொட்டியில் கை வைத்திருந்தேன். அதற்கு மேல் ஓர் அதிர்வும் இல்லை. பதிவில் ஒன்று என்று விழுந்தது.

"கேட்டுக்கு வேற ஆள் பார்க்கணும்" என்று சின்ன முதலாளி சுவரைப் பார்த்துச் சொன்னார். அவர் கேட்ட மன்னிப்பு அவ்வளவுதான்.

சேட்டன் நகரவில்லை. குரலை இறக்கினார். நாங்கள் நாலு பேரும், முதலாளி உட்பட, பக்கத்தில் போய்க் காதைக் கொடுத்தோம்.

"என் பேருக்கு நேரே இருக்கிற அந்த எட்டை எல்லாம் அழிக்கணும்."

"பதிவை அழிக்க முடியாது சேட்டா" என்றார் மேடம். "யாருக்குமே முடியாது. பக்கத்துல ஒரு குறிப்பு வேணும்னா எழுதலாம்."

"எழுது."

"என்னன்னு?"

சேட்டன் என்னைப் பார்த்தார். மற்றவர்களும் பார்த்தார்கள். ஒரே நாளில் இரண்டாவது தடவையாக நான் முதலாளி முன்னால் வாயைத் திறந்தேன். "ஒரு தடவைதான் அமுக்கினார்னு எழுதுங்க."

மேடம் எழுதினார். அந்த மாதம் சேட்டன் போட்டது இருபத்தேழு கலவை. முதல் ஆறுக்கு எழுதியதும் சின்ன முதலாளி, "இது போதாதா சேட்டா?" என்று கேட்டார்.

"இருபத்தேழுலயும் எட்டு எட்டுன்னு அது எழுதிச்சல்லோ" என்றார் சேட்டன்.

இருபத்தேழுக்கும் எழுதினார்கள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் செருப்பைப் போட்டார்.

மறுநாள் சனிக்கிழமை. ஒன்பது கலவை போட்டோம். சேவியர் சேட்டன் நாலு, ஹம்சா இக்கா மூன்று, நான் இரண்டு. காயம் ஒன்பது கிண்ணம் விழுந்தது.